பழி போய்ச் சேரும் இடம்

2016 செப்டம்பர் 10ஆம் தேதி பெங்களூரில் தமிழ் மாணவர் ஒருவரைச் சிலர் பிடித்து அறைந்தார்கள். காவிரிப் போராட்டத்தில் கலந்துகொண்ட கன்னடத் திரைக் கலைஞர்களைக் கேலிசெய்து அவர் முகநூலில் பதிவிட்டிருந்தார். அவரை மண்டியிட வைத்து, மன்னிப்புக் கேட்க வைத்து, அதைக் கைப்பேசியில் படம்பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். 12ஆம் தேதி விடிவதற்குள் சென்னை மயிலாப்பூரில் நியூ உட்லண்ட்ஸ் ஓட்டல்மீது பெட்ரோல் குண்டுகள் விழுந்தன. உடுப்பியிலிருந்து வந்த கிருஷ்ணராவ் தொடங்கிய ஓட்டல் அது. சென்னைக்காரர்கள் பல தலைமுறைகளாக உட்கார்ந்து சாப்பிட்ட இடம். ராமேசுவரத்தில் கர்நாடக வண்டியோட்டி ஒருவரை அடித்து, காவிரி தமிழ்நாட்டுக்கே சொந்தம் என்று சொல்லவைத்தார்கள். அதையும் படம்பிடித்தார்கள்.

அன்று திங்கட்கிழமை. தமிழ்நாட்டுக்குக் காவிரியில் வினாடிக்கு 15,000 கன அடி தண்ணீர் திறக்கச் சொன்ன தன் ஆணையை உச்ச நீதிமன்றம் 12,000ஆகக் குறைத்து, நாட்களை 20ஆம் தேதிவரை நீட்டித்தது. ராமேசுவரத்துப் படம் பெங்களூரின் கைப்பேசிகளில் ஓடிக்கொண்டிருந்தது. மாலைக்குள் நாயண்டஹள்ளி அருகே டிசோசா நகரில் நிறுத்தியிருந்த தமிழ்நாட்டு நிறுவனமான கே.பி.என். பேருந்துகளில் சுமார் 40 எரிந்து கூடாகிப் போயின. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட லாரிகளைத் தேடித் தேடிக் கொளுத்தினார்கள். ஹெக்கனஹள்ளியில் போலீஸ் சுட்டதில் ஒருவர் இறந்தார். தடியடிக்குப் பயந்து ஓடி, மாடியிலிருந்து விழுந்த இன்னொருவரும் பிழைக்கவில்லை. 16 காவல்நிலைய எல்லைகளில் ஊரடங்கு போட்டார்கள்.

இந்த மூன்று நாட்களை வரிசையாக எழுதிப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று என்னை உறுத்துகிறது. மாணவரை அறைந்தவர்கள் மயிலாப்பூர் ஓட்டலில் இல்லை. ஓட்டலில் குண்டு வீசியவர்கள் டிசோசா நகரில் பேருந்து நிறுத்தவில்லை. ராமேசுவரத்தில் அடிபட்ட ஓட்டுநர் யாரையும் மண்டியிட வைத்தவர் அல்லர். எந்தக் கட்டத்திலும் அடித்தவனும் அடிபட்டவனும் அதற்கு முன் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. அப்படியிருந்தும் ஒவ்வொருவரும் தாம் பதிலடி கொடுத்ததாகவே நம்பினார்கள். பழிவாங்கல் என்பது எதை அடைய நினைக்கிறது, அதை அடைகிறதா, அடையாவிட்டால் அந்த மனம் என்ன ஆகிறது என்று உளவியல் கடந்த 25 ஆண்டுகளில் கண்டுபிடித்தவற்றை, பெங்களூர் என்ற இந்த ஒரே ஊரை எதிரே வைத்துக்கொண்டு பார்க்கலாம் என்று தோன்றியது. பழியும் ஒதுக்கலும் இரட்டைப் பிள்ளைகள்போல ஒன்றாகத் திரியும் ஊர் இது.

ஒருவர் செய்ததற்கு அவருடைய கூட்டத்தைச் சேர்ந்த இன்னொருவரிடம் தீர்த்துக்கொள்வதை பிரையன் லிக்கல் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2006இல் விரிவாக ஆராய்ந்தார்கள். இதில் அடிக்கிறவருக்கு நேரடியாக எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை. அடிபடுகிறவரும் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. தேவைப்படுவது இரண்டுதான். தன் கூட்டத்தோடு தன்னை இறுகக் கட்டிக்கொண்ட மனம் ஒன்று. எதிரில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே உடம்பு, ஒரே தலை என்று எண்ணும் பழக்கம் மற்றொன்று. ஜெர்மானிய உளவியலாளர் மரியோ கோல்விட்சரும் ஆர்னே ஷோஸ்ட்ரோமும் இன்னும் சங்கடமான ஒன்றைக் கண்டார்கள். எதிர்த்தரப்பு ஒட்டுமொத்தமாக ஒரே கூட்டம் என்று தோன்றிவிட்டால், தவறு செய்தவனை விட்டு வேறொருவனை அடித்தாலும் ஓரளவு நியாயம் கிடைத்த திருப்தி பிறந்துவிடுகிறதாம். பதிவெண் பலகையைப் பார்த்துக் கொளுத்தியவர்களின் கணக்கு இதுதான். ஒரு லாரியின் பின்னால் இருந்த இரண்டு எழுத்துகளுக்கு முகம் கொடுத்து, அந்த முகத்தில் அறைந்தார்கள்.

1983 ஜூலை 23ஆம் தேதி யாழ்ப்பாணத்தில் 13 சிங்களப் படைவீரர்கள் கொல்லப்பட்டதற்கு, கொழும்பில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர்களும் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர்களும் உயிரால் விலை கொடுத்ததை நாம் மறந்துவிடவில்லை. 2012 ஆகஸ்டில் பெங்களூரே மற்றொரு வடிவத்தைக் கண்டது. அசாமின் கோக்ராஜார் பகுதியில் நடந்த வன்முறைக்கு இங்கே பழிவாங்கப் போகிறார்கள் என்று குறுஞ்செய்திகள் பரவின. ஓட்டல்களிலும் அழகு நிலையங்களிலும் காவல் பணியிலும் இருந்த வடகிழக்குப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் சிட்டி ரயில் நிலையத்தில் குவிந்தார்கள். குவாஹாட்டிக்குச் சிறப்பு ரயில்கள் விட வேண்டியதாயிற்று. அந்த நாட்களில் பெங்களூரில் பெரிய தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. நடக்கும் என்று நம்பவைப்பதற்கு ஒரு செய்தி போதுமானதாக இருந்தது. ஏனென்றால் தாங்கள் ஒரே முகமாகப் பார்க்கப்படுகிறோம் என்பது அந்தப் பிள்ளைகளுக்கு அதற்கு முன்பே தெரியும். ஒவ்வொரு நாளும் தெருவில் அதை அனுபவித்தவர்கள் அவர்கள்.

இந்த இடத்தில் ஒதுக்கல் என்ற விஷயத்துக்கு வர வேண்டும்.

நம் பிள்ளைகள் சண்டை போட்டால் காய் விடுவார்கள். காய் விட்டால் பேச்சு கிடையாது, விளையாட்டில் சேர்ப்பது கிடையாது. பழம் விட்டால்தான் திரும்பச் சேர்த்தி. பெரியவர்களிடமும் இதே வழக்கம் வேறு பெயர்களில் இருக்கிறது. முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பது, நல்லது கெட்டதுக்கு அழைக்காமல் விடுவது, தள்ளி வைப்பது, கடைசியில் ஊர்விலக்கு. கடையில் சாமான் கிடைக்காது, பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்க முடியாது, சாவுக்கு ஆள் வராது. இதைக் குற்றமாக்கி மகாராட்டிரம் 2016இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் தலித் குடியிருப்பை மறித்து எழுப்பிய சுவரின் ஒரு பகுதியை 2008 மே 6ஆம் தேதி இடித்தார்கள். அந்தச் சுவர் யாரையும் கை நீட்டி அடிக்கவில்லை. நீ இங்கே இல்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றது.

அடிப்பதைவிட இது பெரிய தண்டனை என்று நம் முன்னோர்களுக்குத் தெரிந்திருந்தது. உளவியல் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. அமெரிக்கரான கிப்லிங் வில்லியம்ஸ் ஒருநாள் பூங்காவில் நாயோடு உட்கார்ந்திருந்தாராம். யாரோ எறிந்து விளையாடிய ஃபிரிஸ்பீ தட்டு ஒன்று அவர்மேல் வந்து விழுந்தது. எடுத்து வீசினார். விளையாடிக்கொண்டிருந்த இருவரும் அவரையும் சேர்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் வீசினார்கள். பிறகு எந்தக் காரணமும் சொல்லாமல் அவருக்கு வீசுவதை நிறுத்திவிட்டார்கள். முன்பின் தெரியாத இருவர், ஒரு நிமிட விளையாட்டு. அதற்குள் மனம் அப்படி வாடிப்போனது அவருக்கே வியப்பாக இருந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 2000இல் வெளிவந்த ‘சைபர்பால்’ என்ற கணினிப் பந்து விளையாட்டு. திரையில் மூன்று பேர் பந்து எறிந்துகொள்வார்கள். சற்று நேரம் கழித்து உங்களுக்குப் பந்து வராது. அவ்வளவுதான் சோதனை. உலகம் முழுவதும் நூற்றுக்கணக்கான ஆய்வுகளில் இதைப் பயன்படுத்திவிட்டார்கள். சேர்ந்திருக்கும் உணர்வு, சுயமதிப்பு, தன் கையில் ஏதோ இருக்கிறது என்ற நம்பிக்கை, தன் இருப்புக்குப் பொருள் உண்டு என்ற எண்ணம் ஆகிய நான்கும் சில நிமிடங்களில் சரிகின்றன. எதிரே ஆடுவது கணினிதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாலும் சரிகின்றன. அமெரிக்காவின் கூ க்ளக்ஸ் கிளான் போன்ற, யாருமே சேர விரும்பாத வெறுப்புக் கூட்டம் ஒதுக்கினாலும்கூட வலிக்கிறது என்று 2007இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. எனக்கு அது மிக முக்கியமாகப் படுகிறது. உன்னை ஒதுக்குகிறவர்களைப் பொருட்படுத்தாதே என்று நாம் ஒருவருக்கொருவர் கொடுக்கும் ஆறுதல் உடம்பின் காதில் ஏறுவதில்லை.

2003இல் நவோமி ஐசன்பெர்கர், மாத்யூ லீபர்மன், வில்லியம்ஸ் மூவரும் இந்த விளையாட்டை மூளை வருடி இயந்திரத்துக்குள் ஆடவைத்து, உடல் வலியின்போது இயங்கும் ஒரு பகுதி இப்போதும் இயங்குவதைக் கண்டார்கள். மனவலியும் உடல்வலியும் ஒன்றே என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. அதன்பின் 2014இல் வேறொரு குழு இன்னும் நுட்பமாகப் பார்த்து, இரண்டின் தடங்களும் வேறு வேறு என்று காட்டியது. இந்தச் சர்ச்சை முடிந்தபாடில்லை. மூளைப் படம் காட்டினால்தான் ஒதுக்கப்பட்டவரின் வலியை நம்புவோம் என்பது நம் காலத்தின் குறை என்றே நினைக்கிறேன். உத்தபுரத்துக்காரர்களைக் கேட்டிருந்தால் இயந்திரம் தேவைப்பட்டிருக்காது.

ஒதுக்கப்பட்டவர் என்ன செய்கிறார்? சிலர் இன்னும் பணிந்து, இன்னும் சிரித்து, மறுபடி உள்ளே போகப் பார்க்கிறார்கள். சிலர் திருப்பி அடிக்கிறார்கள். எப்போது யார் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் வேய்ன் வார்பர்ட்டன் 2006இல் வில்லியம்ஸோடு சேர்ந்து செய்த சோதனை ஒரு தடயம் தருகிறது. முதலில் சிலரை விளையாட்டிலிருந்து ஒதுக்கினார்கள். பிறகு காதைத் துளைக்கும் சத்தத்தைக் கேட்க வைத்தார்கள். சிலருக்கு மட்டும், அந்தச் சத்தம் எப்போது வர வேண்டும் என்று தாமே தீர்மானிக்கும் உரிமையைக் கொடுத்தார்கள். கடைசியில், காரம் பிடிக்காத ஓர் அந்நியருக்குச் சாப்பிடக் காரக் குழம்பு ஊற்றச் சொன்னார்கள். ஒதுக்கவும்பட்டு, சத்தத்தின்மேல் எந்தப் பிடியும் இல்லாதவர்கள் மற்றவர்களைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் ஊற்றினார்கள். சத்தத்தைத் தாமே தொடங்க முடிந்தவர்கள், ஒதுக்கப்பட்டிருந்தும், ஒதுக்கப்படாதவர்களைவிட அதிகம் ஊற்றவில்லை. கையில் சிறிதளவு பிடி திரும்பக் கிடைத்ததும் வன்மம் வடிந்துவிட்டது. குழம்பைக் குடிக்க வேண்டியவர் அவர்களை ஒதுக்கியவரும் அல்லர். அவரும் யாரோ ஒருவர்.

இதைப் படித்தபோது எனக்குக் கண்முன் வந்தது 2016இன் மேற்குப் பெங்களூர். ஹெக்கனஹள்ளியும் காமாட்சிபாளையாவும் ஐ.டி. நகரத்தின் கண்ணாடிக் கட்டடங்கள் இருக்கும் பக்கம் இல்லை. பட்டறைகளும் சிறு ஆலைகளும் நெரிசலான வாடகை வீடுகளும் கொண்ட பகுதிகள். தன் மாநிலத் தலைநகரிலேயே தன் மொழிக்கு வேலை மதிப்பு இல்லை, பெரிய கடைகளின் பலகையில்கூடத் தன் எழுத்து இல்லை என்று மனம் புழுங்கிய கன்னட இளைஞர் கூட்டம் இந்த ஊரில் நெடுங்காலமாக இருக்கிறது. 1982இல் நடிகர் ராஜ்குமார் முன்னின்ற, கன்னடத்துக்கு முதலிடம் கோரிய கோகாக் போராட்டத்தின் வேகம் அந்தப் புழுக்கத்திலிருந்து வந்தது. பெங்களூரின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றை எழுதிய ஜானகி நாயர், நகரத்தின் வளத்திலிருந்து விடுபட்டுப்போனவர்கள் அதன்மேல் உரிமை கோர மொழி எப்படிக் கொடியாயிற்று என்று விளக்கியிருக்கிறார். தண்ணீரைப் பற்றிய முடிவோ டெல்லியிலிருந்து வருகிறது. தன் கையில் ஒன்றுமே இல்லை. அன்று தீ வைத்தவர்களை நான் நியாயப்படுத்தவில்லை. எரிந்தது உழைத்துச் சம்பாதித்தவர்களின் சொத்து, போனது உயிர். ஆனால் ஒதுக்கப்பட்டதாக உணர்ந்தவன் ஒதுக்கப்பட்ட இன்னொருவன்மேல் பாய்ந்ததை ஒப்புக்கொள்ளாமல் இந்த ஊரின் பழியைப் புரிந்துகொள்ள முடியாது.

சரி, பழி தீர்த்தால் மனம் ஆறுகிறதா?

ஆய்வுகள் இங்கே இரண்டு பக்கமும் இழுக்கின்றன. 2004இல் சூரிச்சில் டொமினிக் டி கெர்வனும் சகாக்களும், தங்களை ஏமாற்றியவரைத் தண்டிக்கும்போது மூளையின் இன்பம் சார்ந்த பகுதி விழித்துக்கொள்வதைக் கண்டார்கள். தண்டிக்கத் தங்கள் கைக்காசு செலவாகும் என்றாலும் தண்டித்தார்கள். டேவிட் செஸ்டரும் நேதன் டிவாலும் செய்த சோதனைகளில், ஒதுக்கப்பட்டவர்கள் ஒரு பொம்மையில் ஊசி குத்தியதும் அவர்கள் மனநிலை ஒதுக்கப்படாதவர்களின் நிலைக்கே திரும்பிவிட்டது. ஏவலுக்கும் செய்வினைக்கும் ஆள் தேடிப் போகும் நம் ஊர்க்காரர்களின் மனத்தை அந்த அமெரிக்கப் பொம்மை நன்றாகவே விளக்குகிறது. ஆக, இனிப்பு உண்மைதான்.

அது எத்தனை நேரம் நிற்கிறது என்பதுதான் கேள்வி. 2008இல் கெவின் கார்ல்ஸ்மித், திமோத்தி வில்சன், டேனியல் கில்பர்ட் மூவரும் ஒரு பணவிளையாட்டு நடத்தினார்கள். அதில் ஒருவர் எல்லாரையும் ஏய்த்துச் சுருட்டிக்கொள்வார். சிலருக்கு அவரைத் தண்டிக்க வாய்ப்பு கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. தண்டித்தால் மனம் நிம்மதியடையும் என்று இரு தரப்பாருமே நம்பினார்கள். பத்து நிமிடம் கழித்துக் கேட்டபோது தண்டித்தவர்கள்தான் அதிகம் வாடியிருந்தார்கள். காரணம், அவர்கள் அந்த ஆளையே நினைத்துக்கொண்டிருந்தார்கள். தண்டிக்க முடியாதவர்கள், போகட்டும் என்று வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். பழிவாங்கியவருக்கு விஷயம் முடிவதே இல்லை. கறுவிக்கொண்டே இருப்பது என்று தமிழில் சொல்கிறோமே, அதில் கருகுவது யார் என்பதற்கு இந்தப் பத்து நிமிடம் சாட்சி.

ஆத்திரத்தைக் கொட்டித் தீர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். காசு கொடுத்துப் பொருட்களை உடைத்து நொறுக்கும் அறை ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் பசவனகுடியில் திறக்கப்பட்டபோது நாளிதழ்கள் ஆர்வத்தோடு எழுதின. பிராட் புஷ்மன் 2002இல் இதைச் சோதித்துவிட்டார். தன்னைச் சீண்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப் பையைக் குத்தியவர்களின் கோபம் ஏறியது. சும்மா உட்கார்ந்திருந்தவர்களின் கோபம்தான் குறைந்தது.

கோல்விட்சரின் மற்றோர் ஆய்வுதான் இந்த முரண்பாட்டை அவிழ்ப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பழிவாங்கியவருக்கு நிறைவு எப்போது கிடைக்கிறது என்று அவர் பார்த்தார். எதிராளி துன்பப்பட்டதால் மட்டும் கிடைக்கவில்லை. ‘நான் செய்த தவறுக்குத்தான் இது வந்தது’ என்று எதிராளி உணர்ந்து அதை வெளிப்படுத்தும்போதுதான் கிடைத்தது. அப்படியென்றால் பழி என்பது ஒரு செய்தி. எனக்கு நீ செய்ததை நீ அறிய வேண்டும் என்பது அந்தச் செய்தி. மாணவரை மண்டியிட வைத்ததும், ஓட்டுநரிடம் காவிரி யாருடையது என்று சொல்லச் சொன்னதும், இரண்டையும் படம்பிடித்ததும் அந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும் என்ற தவிப்பினால்தான். ஆனால் ஓட்டுநருக்கு அவர் அறியாத தவறை எப்படி உணரவைக்க முடியும்? முகவரி தவறிய கடிதம் அது. யார் வீட்டு வாசலில் விழுந்ததோ அவர்கள் அதை வேறுவிதமாகப் படித்து, தங்கள் பதிலை எழுதினார்கள்.

1991 டிசம்பரை இதுவரை தள்ளிப்போட்டுவிட்டேன். பெங்களூர்த் தமிழர்கள் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். காவிரி நடுவர் மன்றம் ஜூன் 25ஆம் தேதி தமிழ்நாட்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் தரச் சொல்லி இடைக்கால ஆணையிட்டது. டிசம்பர் 11ஆம் தேதி அது மத்திய அரசிதழில் வெளியானது. மறுநாளே பெங்களூரிலும் மைசூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் தமிழர் வீடுகள், கடைகள், குடிசைகள் தாக்கப்பட்டன. 16 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஓசூர் வழியாகவும் சத்தியமங்கலம் வழியாகவும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டின. இவர்கள் நேற்று வந்தவர்கள் அல்லர். 1809இல் ஆங்கிலேயர் தண்டு அமைத்த காலத்திலிருந்து அல்சூரிலும் சிவாஜி நகரிலும் வேரூன்றியவர்கள் உண்டு. பின்னி ஆலையில் நூல் நூற்றவர்களும், ஊரின் கட்டடங்களுக்குக் கல் சுமந்தவர்களும் உண்டு.

அவர்கள் திருப்பி அடிக்கவில்லை. பிறகு அவர்கள் செய்ததை வில்லியம்ஸின் சொற்களில் சொன்னால், நெடுநாள் ஒதுக்கலின் மூன்றாம் கட்டம். முதலில் சுரீரென்ற வலி, பிறகு தப்பிக்கும் முயற்சிகள், கடைசியில் கைவிட்டுவிடும் நிலை. தெருவில் பிள்ளையைத் தமிழில் கூப்பிடாமல் இருப்பது, பேருந்தில் தமிழ்ப் பத்திரிகையை மடித்துப் பைக்குள் வைப்பது, பெயர்ப்பலகையில் ஊரின் பெயரை விட்டுவிடுவது. 2016இலும் பதிவெண்மேல் காகிதம் ஒட்டினார்கள், வண்டியின் முன்னால் கன்னடர்களின் மஞ்சள் சிவப்புக் கொடி கட்டினார்கள். அண்டை வீட்டுக் கன்னடக் குடும்பம் தங்கள் வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றிய கதைகள் இரண்டு முறையும் ஏராளம். அவை உண்மை. அந்த நன்றியோடுதான் இந்த மௌனமும் சேர்ந்து வாழ்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது பொறுமையாகத் தெரியும். உள்ளே அது என்னவாக இருக்கிறது என்பதை அளக்கக் கருவி இல்லை. நாடறிந்த மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் இருப்பதும் இதே ஊரின் ஓசூர் சாலையில்தான். அதன் வல்லுநர்கள் 2002 குஜராத் கலவரத்தில் பாதிக்கப்பட்டவர்களிடையே போய் உளசமூக உதவிப் பணி செய்திருக்கிறார்கள். கலவரம் முடிந்ததும் இழப்பீட்டைப்போல மனத்தையும் ஒரு கணக்காக எடுக்க வேண்டும் என்ற அறிவு நம்மிடம் உண்டு.

மௌனத்துக்கு ஒரு சிலை இருந்தது. பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியில் அல்சூர் ஏரிக்கரையில் 1991இல் நிறுவிய திருவள்ளுவர் சிலையைத் திறக்க முடியவில்லை. மூடிக் கட்டிவைத்தார்கள். ஒன்றல்ல, இரண்டல்ல, 18 ஆண்டுகள். பொறையுடைமைக்கும் வெகுளாமைக்கும் இன்னா செய்யாமைக்கும் அதிகாரம் அமைத்த புலவர் முகம் மூடி நின்ற அந்த வழியாக ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போன தமிழர்களுக்கு அது சொன்ன செய்தியைச் சைபர்பால் விளையாட்டில் பந்து வராதவர்தான் புரிந்துகொள்வார்.

பேச ஆளில்லாத மனக்குறையை வேண்டாதவர்கள் தூக்கிக்கொண்டு போவார்கள். 2000 ஜூலை 30ஆம் தேதி இரவு தொட்ட காஜனூர்ப் பண்ணை வீட்டிலிருந்து ராஜ்குமாரைக் கடத்திய சந்தனக் கடத்தல்காரர் வீரப்பன் வைத்த கோரிக்கைகளில் இரண்டு இவை: 1991 கலவரத்தில் பாதிக்கப்பட்ட தமிழர்களுக்கு இழப்பீடு, பெங்களூரில் வள்ளுவர் சிலையைத் திறப்பது. பெங்களூர்த் தமிழர் யாரும் காட்டிலிருந்த அவரிடம் முறையிட்டதில்லை. கோகாக் போராட்டத்தின் முகமாக இருந்த, கன்னடர்கள் அண்ணாவரு என்று நெஞ்சில் வைத்துப் போற்றிய ஒரு முதியவர் நவம்பர் 15வரை 108 நாட்கள் காட்டில் இருந்தார். அத்தனை நாட்களும் பெங்களூர்த் தமிழர் வீடுகளில் ஒவ்வொரு மாலையும் செய்தியைக் கேட்டுவிட்டுத்தான் உலை வைத்தார்கள். அவர்களுக்காகப் பழிவாங்குவதாகச் சொல்லப்பட்ட செயல், அவர்களையே பணயமாக வைத்தது.

சிலை 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி திறந்தது. கர்நாடக முதல்வர் எடியூரப்பா முன்னிலையில் கருணாநிதி திறந்துவைத்தார். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையை எடியூரப்பா திறந்தார். இதை அரசியல் பண்டமாற்று என்று அன்றே பலர் ஒதுக்கினார்கள். அரசியல் இருந்தது உண்மை. எனினும் உளவியலின் கண்ணால் பார்த்தால் அங்கே நடந்தது சிறிய காரியமில்லை. உன் பெரியவருக்கு என் ஊரில் இடம் உண்டு என்று இரு தரப்பும் சேர்ந்து பகிரங்கமாகச் சொன்னார்கள். பழம் விட்டார்கள். பழி தேடியும் கிடைக்காத அங்கீகாரத்தின் ஒரு துளி, யாரையும் அடிக்காமல் கிடைத்தது. அது காவிரியைத் தீர்க்கவில்லை என்பதை 2016 காட்டிவிட்டது. தண்ணீர்ச் சிக்கலைச் சிலை தீர்க்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கக் கூடாது.

மன்னிப்பைப் பற்றி இப்போது நிறைய ஆய்வுகள் வருகின்றன. எவரெட் வொர்திங்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1996 புத்தாண்டையொட்டித் தன் தாயைக் கொள்ளையனிடம் பறிகொடுத்தவர். அவர் வகுத்த மன்னிப்புப் பயிற்சியை உக்ரைன், தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட ஐந்து இடங்களில் 4,598 பேரிடம் சோதித்து 2024இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சொந்தமாகச் செய்யும் சில மணி நேரப் பயிற்சிப் புத்தகம்தான். மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. நம்பிக்கை தரும் செய்தி. ஆனாலும் மன்னிப்பை மருந்துச் சீட்டுபோல எழுதிக்கொடுப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. தவறு செய்தவர் திருந்தாமலும் வருந்தாமலும் இருக்கையில் மன்னித்துக்கொண்டே போகிறவரின் சுயமதிப்பு தேய்கிறது என்று லாரா லூச்சிஸ் 2010இல் காட்டினார். தம்பதியரை வைத்துச் செய்த ஆய்வு அது. மன்னித்துவிடு என்ற அறிவுரை நம் சமூகத்தில் எப்போதும் கீழே இருப்பவரை நோக்கியே போகிறது. சேரிக்காரரிடமும் மருமகளிடமும் வந்தேறி என்று பெயர் வாங்கியவரிடமும் அதைச் சொல்கிறவர்கள், செய்தவர்களிடம் போய் ஒப்புக்கொள் என்று சொல்வதில்லை.

யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் நடுவில் இருந்து எழுதியவர். பிள்ளைகள் ஏன் ஆயுதம் தூக்கப் போனார்கள் என்று அவர் 2002இல் எழுதியபோது, சொந்தக் கண்ணால் பார்த்த சாவுகளையும் வீடிழப்பையும் அவமானத்தையும் அடுக்கினார். பழி உணர்வை நோய் என்று சொல்லி அவர் தள்ளிவிடவில்லை. சிதைந்துபோனது தனி மனம் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் அவற்றின் உறவுப் பின்னலும்தான் என்பது அவர் பிற்காலத்தில் மீண்டும் மீண்டும் வலியுறுத்தியது. எனவே ஆற்றுவதற்கும் ஊர் கூட வேண்டும், சடங்கு வேண்டும், ஒப்பாரி வைக்க இடம் வேண்டும். பெங்களூரில் 1991க்கு ஒப்பாரி வைக்க எந்த இடமும் இல்லை. ஒரு நினைவுக் கல்கூடக் கிடையாது.

சடங்கு என்றதும் இந்த ஊரின் பழைய பேட்டையில் ஆண்டுதோறும் சைத்ர மாதப் பௌர்ணமியில் நடக்கும் கரகம் நினைவுக்கு வருகிறது. திகளர் பேட்டைத் தர்மராயசாமி கோயிலிலிருந்து, பெண்கோலம் பூண்ட ஆண் ஒருவர் மல்லிகையால் மூடிய கரகத்தைக் கை படாமல் தலையில் தாங்கி இரவெல்லாம் நடப்பார். உருவிய வாளோடு வீரகுமாரர்கள் சூழ்ந்து வருவார்கள். கரகமாக வருபவள் திரௌபதி. தமிழகத்திலிருந்து நெடுங்காலம் முன் வந்து தோட்டப்பயிர் செய்து இந்த ஊருக்குக் காய்கறி கொடுத்த திகளர்களின் தெய்வம். சபையில் இழுத்துவரப்பட்டு, கேட்பாரற்று நின்று, சபதம் போட்டவள். அந்தச் சபதம் நிறைவேறியது. நிறைவேறிய இரவே அசுவத்தாமன் தன் தந்தைக்காகப் பழிவாங்கக் கிளம்பி, தூங்கிக்கொண்டிருந்த அவளுடைய ஐந்து பிள்ளைகளையும் வெட்டினான். அவன் தகப்பன் பட்டதற்கு இவள் பிள்ளைகள் விலை கொடுத்தார்கள். பாகவதத்தில், கட்டி இழுத்துவந்த அசுவத்தாமனைப் பார்த்துத் திரௌபதி அவனை விட்டுவிடச் சொல்கிறாள். பிள்ளையை இழந்து நான் அழுவதுபோல் அவன் தாயும் அழ வேண்டாம் என்கிறாள்.

பெங்களூரில் சொல்லும் கதை அதற்கும் பிறகு நடப்பது. பாண்டவர்களோடு விண்ணுலகம் போகும் வழியில் திரௌபதி பின்தங்கிவிடுகிறாள். திமிராசுரன் எதிர்ப்படுகிறான். தன் உடலிலிருந்து வீரகுமாரர்களைத் தோற்றுவித்து அவனை வெல்கிறாள். போகாதே அம்மா என்று அந்தப் பிள்ளைகள் மன்றாட, வருடத்துக்கு ஒருமுறை வந்து உங்களோடு இருப்பேன் என்று வாக்குக் கொடுக்கிறாள். அதனால்தான் வருகிறாள். கரகம் காட்டன்பேட்டையில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்குள் போய், அங்கே மரியாதை பெற்றுக்கொண்டு, விடியும் நேரத்தில் கோயில் திரும்புகிறது. வழி நெடுக நின்று மல்லிகை வீசுகிறவர்கள் கன்னடம் பேசுகிறார்கள், தெலுங்கு பேசுகிறார்கள், உருது பேசுகிறார்கள், தமிழ் பேசுகிறார்கள்.